காற்றாலை மின்சாரம் ஏறி இறங்குவது: எந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

தரவுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக ஒரு 2 மெகாவாட் காற்றாலையின் ஓராண்டுத் தரவு கிடைத்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு வரி, மொத்தம் 52,560 வரிகள். காற்றின் வேகம், திசை, வெளியே வந்த மின்திறன், வெப்பநிலை எல்லாம் இருக்கின்றன.

முதலில் எளிதாக ஒன்று செய்து பார்த்தேன். ஆண்டு முழுவதற்கும் காற்று வேகத்தின் சராசரியை எடுத்தேன். அந்த வேகத்தில் இயந்திரம் எவ்வளவு தரும் என்று தயாரிப்பாளர் கொடுத்த திறன் வரைபடத்தில் பார்த்து, 8,760 மணியால் பெருக்கினேன். மீட்டர் காட்டும் உற்பத்தியோ அதைவிட எங்கேயோ மேலே நிற்கிறது. மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. தரவை வரைந்து பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. சில நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் பூச்சியத்திலிருந்து முழுத் திறனுக்குப் போய்த் திரும்பி வருகிறது. இப்படி ஆடும் ஒன்றை வைத்துக்கொண்டு மின்கட்டமைப்பை எப்படி நடத்துகிறார்கள்? இந்தத் துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தென்றல்கணக்கு எழுதியது:

கணக்கில் பிழை இல்லை. சராசரியைத் தவறான இடத்தில் எடுத்துவிட்டீர்கள்.

காற்றில் இருக்கும் திறன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. இதை வாயால் சொல்லும்போது புரிந்த மாதிரி இருக்கும், கையால் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முழுக்க வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சீராகக் காற்று. இரண்டாம் நாள் பாதி நேரம் 3 மீட்டர், மீதிப் பாதி 9 மீட்டர். இரண்டுக்கும் சராசரி 6தான். மும்மடி எடுத்தால் முதல் நாளுக்கு 216. இரண்டாம் நாளுக்கு 27-ம் 729-ம் கூட்டிப் பாதியாக்கினால் 378. சராசரி ஒன்றாக இருந்தும் காற்று கொண்டுவந்த ஆற்றல் 1.75 மடங்கு. அந்த வித்தியாசம் முழுக்க முழுக்க ஏற்ற இறக்கத்தால் வந்தது.

பல இடங்களில் ஆண்டுக் காற்று வேகம், ராலே பரவல் என்ற புள்ளியியல் வடிவத்தை ஒட்டி அமையும். அப்படி அமைந்தால் மும்மடிகளின் சராசரி, சராசரியின் மும்மடியைப் போல 1.91 மடங்கு வரும். உங்கள் மீட்டர் உங்கள் கணக்கைத் தாண்டியதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் இதை எல்லா இடத்துக்கும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இயந்திரம் மும்மடியை முடிவில்லாமல் பின்தொடராது. வினாடிக்கு 3 அல்லது 4 மீட்டரில் உற்பத்தி தொடங்கும்; 12 மீட்டர் அளவில் பெயர்ப்பலகைத் திறனை, அதாவது இயந்திரத்தின் முழுத் திறனைத் தொடும்; அதற்குப் பிறகு 25 மீட்டர் வரை கோடு தட்டை. ஆகவே சராசரி 6, 7 மீட்டர் உள்ள இடத்தில் நீங்கள் செய்த முறை உற்பத்தியைக் குறைத்துக் காட்டும். சராசரியே 12-ஐ நெருங்கும் இடத்தில் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் திறனைப் பார்த்து, பிறகு கூட்டுங்கள். சராசரி கடைசியில்தான் வர வேண்டும்.

ரம்பப் பல்லுக்கும் இதே மும்மடிதான் காரணம். வேகம் 7-லிருந்து 8-க்கு ஏறுவதை முகத்தில் உணரக்கூட முடியாது. திறன் அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். வரைபடத்தின் நடுப்பகுதியில் காற்றின் சின்னச் சிணுங்கல் எல்லாம் பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. காற்றின் ஆற்றலில் இயந்திரம் எடுக்கக்கூடிய உச்சப் பங்கான பெட்ஸ் வரம்பு இதற்குக் காரணமா என்று சிலர் கேட்பார்கள். ஆல்பர்ட் பெட்ஸ் 1919-ல் சொன்ன 59.3 சதவீதம் எல்லா வேகத்துக்கும் ஒரே விகிதம். அது உச்சவரம்பைச் சொல்கிறது, ஆட்டத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

பழையஃபிட்டர் எழுதியது:

தங்கச்சி, பதினாறு வருஷம் டவர் ஏறி இறங்கினவன் நான். உங்க பத்து நிமிஷ வரிக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா அது தரவுல தெரியாது.

பெரிய மெஷின் நிமிஷத்துக்கு 15 சுத்து சுத்துதுன்னு வைங்க. மூணு பிளேடு. அப்போ நிமிஷத்துக்கு 45 தடவை ஏதாவது ஒரு பிளேடு டவருக்கு முன்னால கடந்து போகுது. அந்த இடத்துல காத்து கொஞ்சம் மந்தமா இருக்கும், ஒவ்வொரு தடவையும் சின்னதா ஒரு குழி விழும். பழைய மெஷின்ல ஜெனரேட்டர் வேகம் கிரிட்டோட பூட்டின மாதிரி இருக்கும். காத்து ஒரு தள்ளு தள்ளினா அது அப்படியே லைனுக்குப் போகும். பக்கத்துக் கட்டடத்துல பல்பு மினுக்குறதைக் கண்ணால பார்த்திருக்கேன்.

இப்போ வர்ற மெஷின் அப்படி இல்ல. தள்ளு வந்தா முதல்ல சுழலி கொஞ்சம் வேகமா சுத்தி அதை வாங்கி வெச்சுக்கும், நடுவுல இருக்குற கன்வெர்ட்டர் நிதானமா லைனுக்கு விடும். மிச்சத்தை பிட்ச் பார்த்துக்கும், பிளேடு தன் அச்சுல திரும்பி காத்தை விட்டுடும். ஒரே நிமிஷத்துல பிட்ச் மோட்டார் எத்தனை தடவை முனகுதுன்னு டவர் உச்சியில இருக்குற பெட்டி, அந்த நாசெல் உள்ள உட்கார்ந்து கேட்டவங்களுக்குத்தான் தெரியும்.

என்னைப் பயமுறுத்தினது வேற. ஒரு சாயங்காலம், தூரத்துல இடி. சைட்டுல சுத்தமா காத்து இல்ல. எல்லா மெஷினும் நின்னுக்கிட்டு, திசை தெரியாம யா மோட்டார் மட்டும் மெல்ல தலையைத் திருப்பிக்கிட்டு இருந்துச்சு. ஸ்கிரீன்ல எல்லாம் பூச்சியம். திடீர்னு மண் வாசனையோட குளிர்ந்த காத்து அடிச்சுது. மேற்கு ஓரத்து மெஷின் முதல்ல, அப்புறம் வரிசையா ஒவ்வொண்ணா ஏறி, கொஞ்ச நேரத்துல பார்க் முழுக்க முழு லோடு. அது நிலைச்சு நிக்கல. காத்து 25 தாண்டிச்சு, மெஷின் ஒவ்வொண்ணா பிளேடை மடக்கி நின்னுச்சு. பூச்சியம், முழுசு, மறுபடி பூச்சியம். முதல் பூச்சியம் காத்து இல்லாததால, ரெண்டாவது பூச்சியம் காத்து அதிகமானதால. உங்க தரவுல ரெண்டும் ஒரே எண்ணாத்தான் இருக்கும். பக்கத்து நெடுவரிசையில வேகத்தைப் பார்த்துப் பிரிச்சுக்குங்க.

அந்த சைட்ல இன்னொரு தப்பும் இருந்துச்சு. எல்லா மெஷினுக்கும் நிறுத்துற வேகமும் திரும்ப ஏறுற வேகமும் அச்சு அசலா ஒரே எண். அதனால விழுந்தா கூட்டமா விழுந்துச்சு. நாங்க பலமுறை எழுதிக் கொடுத்தும் அந்த நிறுவனம் ரெண்டு வருஷம் மாத்தல. இப்போ புது மெஷின்கள்ல 25-ல கத்தி வெட்டின மாதிரி நிறுத்தாம, படிப்படியா இறக்குற ஏற்பாடு வந்திருக்கு. கிரிட்காரங்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஐயவாதி எழுதியது:

நல்ல விளக்கங்கள். ஆனால் எல்லாம் ஒற்றை இயந்திரத்தின் கதை. என் கேள்வி கட்டமைப்பைப் பற்றியது. காற்று அடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நுகர்வோர் காற்றைப் பார்த்து விளக்கைப் போடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு மெகாவாட் காற்றாலைக்கும் பின்னால் ஒரு மெகாவாட் அனல் நிலையம் எப்போதும் நெருப்பை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பதற்கு எரிபொருள் செலவாகும். இதைக் கழித்தால் காற்றாலையால் மிஞ்சுவது என்ன? இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஐம்பதுஹெர்ட்ஸ் எழுதியது:

ஐயவாதி ஐயா, நேராகவே சொல்கிறேன். தேவைக்கேற்ப மின்நிலையங்களை ஏற்றி இறக்கும் லோடு டிஸ்பாட்ச் சென்டரில் ஷிஃப்ட் பார்த்தவன் நான்.

நாங்கள் ஒற்றை இயந்திரத்தைப் பார்ப்பதே இல்லை. எங்கள் திரையில் மொத்த மின்தேவையிலிருந்து காற்றும் சூரியனும் தருவதைக் கழித்த எண் ஓடும். அந்த மிச்சத்தைத்தான் மற்ற நிலையங்களை ஏற்றி இறக்கி ஈடுகட்ட வேண்டும். மின்தேவை தானே பகல் இரவு, விடுமுறை, வெயில் என்று ஆடுவதுதான். காற்றாலை வருவதற்கு முன்பே அந்த ஆட்டத்துக்குத் தயார் நிலை வைத்துத்தான் கட்டமைப்பை ஓட்டினோம். காற்றின் ஆட்டமும் தேவையின் ஆட்டமும் எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. சில நேரம் ஒன்றை ஒன்று ஈடு செய்யும்.

பழையஃபிட்டர் அண்ணன் சொன்ன வினாடிக் கணக்கு ஆட்டம் எங்களை வந்து சேர்வதே இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் ஆடும் 100 இயந்திரங்களைச் சேர்த்தால், மொத்தத்தோடு ஒப்பிட்ட ஆட்டம் ஒற்றை இயந்திரத்தின் ஆட்டத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வர்க்கமூலக் கணக்கு, அவ்வளவுதான். ஒரு மரத்தடியில் இலை அசைவதற்கும் இரண்டு மைல் தள்ளி இலை அசைவதற்கும் தொடர்பில்லாத மாதிரி, வினாடி, நிமிட அளவில் ஒவ்வொரு இயந்திரமும் தன் பாட்டுக்கு ஆடுகிறது.

மணிக்கணக்கில் போனால் இந்தச் சலுகை குறையும். ஒரே வானிலை அமைப்பு பல நூறு கிலோமீட்டரை மூடும், எல்லாம் சேர்ந்து இறங்கும். அது உண்மைதான். ஆனால் இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2008 பிப்ரவரி 26 மாலை டெக்சாஸில் காற்றாலை உற்பத்தி சுமார் 1,700 மெகாவாட்டிலிருந்து 300 மெகாவாட் அளவுக்கு விழுந்தது. அதே வேளையில் மின்தேவை எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. சில மற்ற நிலையங்களும் சொன்ன அளவு தரவில்லை. ஒப்பந்தப்படி பெரிய தொழிற்சாலைகளின் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்ட பளுவை நிறுத்தித்தான் சமாளித்தார்கள். காற்றின் பங்கு மட்டும் இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு பெரிய அனல் அல்லது அணு நிலையம் ட்ரிப் ஆனால் அதே அளவு கண் இமைக்கும் நேரத்தில் காணாமல் போகும், முன்னறிவிப்பும் இருக்காது. கட்டமைப்பு எப்போதும் சுழலவிட்டு வைத்திருக்கும் இருப்பு, அதாவது உடனே கூட்டக்கூடிய மிகைத் திறன், முதலில் அதற்காகத்தான்.

அந்த நிகழ்வில் என்னை உறுத்துவது இது. சரிவு வரும் என்று காட்டிய ஒரு முன்கணிப்பு அன்றைக்கு இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அதை இன்னும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை. காற்று விழுந்ததைவிட, விழப்போகிறது என்று தெரிந்தும் அது இயக்குபவர் மேசைக்கு வராததுதான் அன்றைய தவறு என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே மெகாவாட்டுக்கு மெகாவாட் காத்திருப்பு என்பது நடைமுறையில் இல்லை. முன்கணிப்பு எவ்வளவு தவறக்கூடுமோ அந்த அளவுக்குத்தான் கூடுதல் இருப்பு வைக்கிறோம். அடுத்த ஒரு மணி நேரத்துக்கான கணிப்பு நாளைய கணிப்பைவிடத் துல்லியம், ஒரு பெரும் பரப்புக்கான கணிப்பு ஒற்றைக் காற்றாலைப் பண்ணைக்கானதைவிடத் துல்லியம். நேரம் நெருங்க நெருங்கத் திருத்திக்கொண்டே போவோம்.

வானிலைப்பித்தன் எழுதியது:

எனக்கு மிகப் பிடித்த தலைப்பு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957-ல் வான் டெர் ஹோவன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் புரூக்ஹேவனில் இருந்த கோபுரத்தில் அளந்த காற்று வேகத்தை எடுத்து, எந்தெந்தக் கால இடைவெளியில் எவ்வளவு ஆடுகிறது என்று பிரித்து வரைந்தார். இரண்டு மேடுகள் தெரிந்தன. ஒன்று ஏறக்குறைய நான்கு நாள் இடைவெளியில், இன்னொன்று ஒரு நிமிட அளவில். நான்கு நாள் மேடு என்பது தாழ்வழுத்தமும் உயரழுத்தமும் மாறி மாறிக் கடந்துபோவது. ஒரு நிமிட மேடு நிலத்தில் உராய்ந்து சுழலும் கொந்தளிப்பு. இரண்டுக்கும் நடுவே, பத்து நிமிடம் முதல் ஓரிரு மணி வரை, ஒரு பள்ளத்தாக்கு. தரவுக்காரி, உங்கள் தரவு ஏன் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று யோசித்தீர்களா? அந்தப் பள்ளத்தாக்கில்தான் வெட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பது கொந்தளிப்பு, மேலே இருப்பது வானிலை.

பகல் இரவு ஆட்டத்தில் ஒரு வியப்பு உண்டு. மாலையானால் காற்று அடங்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். நிலத்தில் நிற்பவனுக்கு அது சரி. வெயில் நேரத்தில் சூடேறிய காற்று மேலும் கீழும் புரண்டு, உயரத்தில் இருக்கும் வேகத்தைத் தரைக்குக் கொண்டுவரும். இரவில் தரை குளிர்ந்ததும் அந்தப் புரளல் நிற்கும். தரையோரக் காற்று உறங்கிவிடும். மேலே இருக்கும் காற்றோ தரையின் உராய்வுப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமெடுக்கும். அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் இந்த இரவுத் தாரைக் காற்று பெயர் பெற்றது. அங்கே காற்றாலைகள் நள்ளிரவில்தான் கொழிக்கும், தேவை குறைந்திருக்கும் நேரத்தில். அதனால் 10 மீட்டர் உயரத்தில் வைத்த மானியை நம்பி, 100 மீட்டர் உயரத்து இறகின் அன்றாட ஏற்ற இறக்கத்தைச் சொன்னால் சில இடங்களில் நேர் தலைகீழான விடை வரும்.

கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் கதை வேறு. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காய, கடலோரக் குளிர்காற்று கணவாய் வழியே உள்ளே பாயும். பிற்பகலில் ஏறி மாலையில் உச்சம் தொடும். கோடையில் கொழிப்பு, குளிர்காலத்தில் வறட்சி. வடகடலோரத்தில் இதற்கு நேர்மாறு, குளிர்காலப் புயல்கள்தான் அங்கே பொற்காலம். கோடை வெயிலில் சூரியத் தகடு தருவதும் குளிர்காலத்தில் காற்றாலை தருவதும் அங்கே ஒன்றையொன்று நிரப்பும். பருவமழைக் காற்று வீசும் நிலங்களில் ஆண்டின் சில மாதங்களுக்குள் பெரும்பங்கு வந்து குவிந்துவிடும்.

ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வட அட்லாண்டிக் அழுத்த ஊசலாட்டம் என்ற ஒன்று, அதாவது அந்தக் கடலின் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான காற்றழுத்த வித்தியாசம் கூடிக் குறைவது, ஐரோப்பியக் குளிர்காலக் காற்றை ஆட்டிவைக்கிறது. அது வலுவாக எதிர்மறைப் பக்கம், வித்தியாசம் சுருங்கும் பக்கம், சாய்ந்திருந்த 2010 வட ஐரோப்பாவுக்குக் காற்று குறைந்த ஆண்டு. அதைவிட நீண்டதும் உண்டு. 1980-களிலிருந்து 2010 வாக்கில் வரை உலகின் பல நிலப்பகுதிகளில் தரையோரக் காற்று மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது, பிறகு திரும்ப ஏறத் தொடங்கியது. மரஞ்செடி வளர்ந்து நிலம் கரடுமுரடானது ஒரு காரணம் என்றும், வளிமண்டலச் சுற்றோட்டத்தின் பெரிய ஊசலாட்டங்கள் காரணம் என்றும் விவாதம் நடக்கிறது. ஒரு காற்றாலையின் ஆயுள் இருபது, இருபத்தைந்து ஆண்டு. அந்த ஊசலாட்டத்தின் ஒரு பாதியிலேயே அது பிறந்து முடிந்துவிடலாம்.

எனவே உங்கள் ஓராண்டுத் தரவை வைத்து அந்த இடத்தின் குணம் இது என்று எழுதிவிடாதீர்கள். ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 மறுபகுப்பாய்வு, அதாவது பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் இணைத்து உருவாக்கிய தரவு, 1940 முதல் மணிக்கொரு மதிப்பு தருகிறது, இலவசம். உங்கள் ஓராண்டை அதோடு ஒட்டிப் பார்த்து, அது சராசரி ஆண்டா, காய்ந்த ஆண்டா என்று முதலில் கண்டுகொள்ளுங்கள்.

ஐயவாதி எழுதியது:

ஐம்பதுஹெர்ட்ஸ் ஐயா சொன்ன மணிக்கணக்கு விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். மெகாவாட்டுக்கு மெகாவாட் நெருப்பு எரிய வேண்டும் என்று நான் சொன்னது தவறு.

ஆனால் இரண்டு கேள்விகள். 2016-ல் தெற்கு ஆஸ்திரேலியா முழுதும் இருண்டதே, அது காற்றாலையால்தானே? வானிலைப்பித்தன் சொன்ன நான்கு நாள் மேடு வாரக்கணக்கில் நீண்டால் என்ன செய்வது? ஜெர்மானியர்கள் இதற்கு டுங்கல்ஃபிளாவ்ட என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள், இருண்ட காற்றின்மை. குளிர்காலத்தில் மேகமும் மூடி, காற்றும் நின்று, தேவை உச்சத்தில் இருக்கும் நாட்கள். 2021-ல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் காற்று நீண்ட நாள் சுணங்கியது எல்லோருக்கும் தெரியும்.

ஐம்பதுஹெர்ட்ஸ் எழுதியது:

முதல் கேள்விக்குச் சுருக்கமாக. 2016 செப்டம்பர் 28 அன்று சூறாவளிச் சுழல்கள் உயர் மின்னழுத்தக் கம்பிக் கோபுரங்களைச் சாய்த்தன. இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சரிந்து எழுந்தது. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அழுத்தச் சரிவு வந்தால் விலகிக்கொள்ளும்படி பல காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பில் எண் வைத்திருந்தார்கள். அது கட்டமைப்பை நடத்துபவருக்குத் தெரியாது. 456 மெகாவாட் சில வினாடிகளில் விலகியது. அந்தச் சுமை முழுதும் பக்கத்து மாநில இணைப்பின் மேல் ஏறி அதுவும் அறுந்தது. சுமார் எட்டரை லட்சம் இணைப்புகள் இருண்டன. காற்று நின்றதால் அல்ல, காற்று நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. அந்த எண்ணைத் திருத்தினார்கள். காற்றாலைக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பங்கு மென்பொருள் அமைப்பினுடையது, காற்றின் ஏற்ற இறக்கத்தினுடையது அல்ல.

இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்க மாட்டேன்.

ஏற்ற இறக்கம் என்று ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் கட்டுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் சுற்றிச் சுற்றி வருகிறது. வினாடி ஆட்டத்தை இயந்திரமே விழுங்கிவிடுகிறது. நிமிட ஆட்டத்தைப் பல இயந்திரங்களின் கூட்டம் சமன் செய்கிறது. மணி ஆட்டத்துக்கு முன்கணிப்பும், வேகமாக ஏறும் நிலையங்களும் மின்கலமும் போதும். வார ஆட்டத்துக்கு இவை எதுவும் போதாது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017-ல் நிறுவிய மின்கலம் 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி. வகுத்துப் பாருங்கள், முழு வேகத்தில் 77 நிமிடம். கட்டமைப்பு மின்சாரத்தின் அலைவெண்ணைத் தாங்கிப் பிடிப்பதில் அது அருமையாக வேலை செய்தது, அதற்காகத்தான் வைத்தார்கள். பத்து நாள் காற்றின்மைக்கு அதைக் காட்டி ஆறுதல் சொல்வது நேர்மை இல்லை.

டென்மார்க் எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கும் நாடு அது. 2015 ஜூலையில் ஓர் இரவு தன் தேவையில் 140 சதவீதம் காற்றிலிருந்தே வந்தது. மிச்சம் நார்வே, ஸ்வீடன், ஜெர்மனிக்குப் போனது. நார்வேயோடு கடலடிக் கேபிள் 1970-களிலிருந்தே இருக்கிறது. டென்மார்க்கில் காற்று அடிக்கும்போது நார்வே தன் அணையின் மடையை மூடிக்கொள்ளும். காற்று நின்றால் திறக்கும். தண்ணீர் மலையிலேயே இருக்கும், யாரும் அதை மேலே ஏற்ற வேண்டியதுகூட இல்லை. ஆனால் இது அந்தப் புவியியலின் கொடை. எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு நார்வே இருக்காது.

அது இல்லாத இடத்தில் வேறு நிலையங்கள் இருந்தே ஆக வேண்டும் என்பதில் நீங்கள் சொல்வது சரி. அவை எப்போதும் எரிய வேண்டும் என்பதில்தான் எனக்கு மறுப்பு. நிலையம் இருப்பது வேறு, எரிபொருள் எரிவது வேறு. ஆண்டில் சில வாரம் மட்டும் ஓடும் நிலையத்தை யார் செலவில் வைத்திருப்பது என்பது கடினமான கேள்வி. அந்தச் செலவைக் காற்றாலைக் கணக்கில் எழுதாமல் விடுவதை நான் ஏற்கவில்லை. அதோடு, காற்றாலைகளின் பங்கு கூடக் கூட, உச்சத் தேவை நேரத்தில் புதிதாக வரும் ஒன்றை நம்பக்கூடிய அளவு குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே நாளில் ஓய்வெடுக்கும். முதல் காற்றாலைக்குப் போட்ட கணக்கை ஆயிரமாவதுக்கும் போடக்கூடாது.

ஐயவாதி எழுதியது:

நேரான பதிலுக்கு நன்றி ஐயா. நான் இத்தனை நாள் கேட்டது இதைத்தான்.

தென்றல்கணக்கு எழுதியது:

தரவுக்காரியின் தரவுக்குத் திரும்புகிறேன். வரி வரியாகக் கூட்டும் முன் இவற்றைப் பாருங்கள்.

வேகம் அளக்கும் மானி நாசெல் கூரையில், இறகுகளுக்குப் பின்னால் இருக்கிறது. இறகு காற்றைக் கறந்த பிறகு மிஞ்சியதைத்தான் அது அளக்கிறது. திருத்தக் காரணி சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

திசையைத் தள்ளிவிடாதீர்கள். வடகடலில் டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் 2008 பிப்ரவரியில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பின்னால் பனிமூட்டம் வெள்ளை வால் மாதிரி நீண்டு அடுத்த வரிசையை மூடியிருக்கும். காற்று சரியாக வரிசையின் நேரே வீசினால் பின்னால் இருக்கும் இயந்திரம் 40 சதவீதம் அளவுக்குக்கூட இழக்கும். காற்று சில பாகை திரும்பினாலே இழப்பு குறைந்துவிடும். வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் உற்பத்தி ஆடுவது இதனால்தான்.

வெப்பநிலை சின்ன விஷயம், ஆனாலும் விடாதீர்கள். உறைநிலைக்கு 10 பாகை கீழே இருக்கும் காற்று, 30 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய 15 சதவீதம் அடர்த்தி. வேகம் ஒன்றானாலும் குளிர்ந்த காற்று கூடுதலாகத் தரும்.

தரவுக்காரி எழுதியது:

ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

வரி வரியாகத் திறனைப் பார்த்துக் கூட்டியதும் கணக்கும் மீட்டரும் மிகப் பக்கத்தில் வந்துவிட்டன. பூச்சியங்களை ஃபிட்டர் அண்ணன் சொன்னபடி பிரித்தேன். பெரும்பாலானவை காற்றில்லாப் பூச்சியங்கள், சில மட்டும் 25-க்கு மேல். பிறகு ஒவ்வொரு வரியையும் பத்து நிமிடம், ஒரு மணி, ஆறு மணி, ஒரு நாள் முந்தைய வரியிலிருந்து கழித்து, எந்த அளவு மாற்றம் எத்தனை முறை வந்தது என்று நான்கு படமாகப் போட்டேன். பத்து நிமிடப் படம் நடுவில் கூர்மையான ஊசி மாதிரி இருக்கிறது, பெரிய தாவல்கள் ஓரத்தில் அரிதாக. நேரம் நீள நீள ஊசி சரிந்து பரவுகிறது. ஒரு நாள் படத்தில், நேற்றைய உற்பத்தியை வைத்து இன்றைக்குச் சொல்ல ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை. நீங்கள் எல்லோரும் சொன்னதை என் இயந்திரத்திலேயே பார்த்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு இடம் புரியவில்லை. ஒரு மாதத்தில் சில இரவுகளில் காற்று வினாடிக்கு 11 மீட்டருக்கு மேல் இருக்கிறது, உற்பத்தி மட்டும் 1,000 கிலோவாட்டில் தட்டையாக நிற்கிறது, மணிக்கணக்கில். அந்த வேகத்தில் அதைவிட அதிகம் வந்திருக்க வேண்டும். காற்று இவ்வளவு சீராக இருக்குமா?

பழையஃபிட்டர் எழுதியது:

காத்து ஒருநாளும் அப்படி நேர்கோடு போடாது தங்கச்சி. மெஷினோட கண்காணிப்புப் பதிவு, அந்த ஸ்காடா தரவுல பிட்ச் கோணம்னு ஒரு நெடுவரிசை இருக்கும், அந்த இரவுகளுக்கு அதை எடுத்துப் பாருங்க. முழுத் திறனைத் தொடுறதுக்கு முன்னாலயே பிளேடு திரும்பியிருந்தா, காத்து இருந்தும் மெஷினைப் பாதியில நிறுத்தி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கிரிட்ல இருந்து உத்தரவு வந்திருக்கும், ராத்திரி தேவை குறைஞ்சிருக்கும் இல்லன்னா லைன் தாங்காது.

தரவுக்காரி எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா. அந்த இரவுகள் அத்தனையிலும் பிளேடு திரும்பியிருக்கிறது. மற்ற நாட்களில் 11 மீட்டருக்கு அந்தக் கோணம் எங்கேயும் இல்லை. அந்த வரிகளைத் தனிக் கோப்பாக எடுத்து, காற்றின் ஏற்ற இறக்கக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டேன். இன்று இரவு ஈஆர்ஏ5 தரவை இறக்கத் தொடங்குகிறேன்.